மனக்கணக்கு: இரட்டித்து 30 கூட்டலாமா?

காலையில் பேப்பரைப் பிரித்தால், 'வேலூரில் வெயில் 104 டிகிரி' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கையில் இருக்கும் போனைப் பார்த்தால் அதே வேலூருக்கு 40 என்று காட்டுகிறது. ஹாலில் ஏசி ரிமோட்டில் 24. மருந்து டப்பாவில் கிடக்கும் தெர்மாமீட்டரில் 98.6. யூடியூபில் கேக் செய்யச் சொல்லித்தரும் அமெரிக்கப் பெண்மணி, ஓவனை 350-ல் வைக்கச் சொல்கிறார். நம் வீட்டு ஓவனின் திருகோ 250-க்கு மேல் திரும்பவே திரும்பாது.

ஒரே வீட்டுக்குள் இரண்டு அளவுகோல்கள் குடித்தனம் நடத்துகின்றன. வெயிலும் காய்ச்சலும் நம் பேச்சில் ஃபாரன்ஹீட். ஏசி, ஃப்ரிட்ஜ், ஓவன், வானிலை மையத்தின் அறிக்கை, பிள்ளைகளின் பாடப் புத்தகம் எல்லாம் செல்சியஸ். பெரும்பாலான நாட்களில் இதனால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால், இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதும் நேரம் என்று ஒன்று வரும்.

சிங்கப்பூரில் இருக்கும் மகள் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா, பாப்பாவுக்கு உடம்பு கொதிக்குது. 39.5 காட்டுதும்மா." இங்கே அம்மாவுக்குப் பழக்கமானது நூறு, நூத்தி ஒண்ணு, நூத்தி ரெண்டுதான். "முப்பத்தொன்பதரைன்னா எவ்வளவுடி? நம்ம கணக்குல சொல்லு." மகளுக்குப் பள்ளியில் படித்த சூத்திரம் லேசாக ஞாபகம் இருக்கிறது. ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, 32-ஐக் கூட்டி... காய்ச்சலில் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நடு ராத்திரியில் அதைப் போட்டுப் பார்க்க முடியுமா?

இந்த வாரம் அந்தக் கணக்குதான். பேப்பர் வேண்டாம், பேனா வேண்டாம். இரண்டால் பெருக்கவும், பத்தில் ஒரு பங்கு எடுக்கவும் தெரிந்தால் போதும்.

எல்லோரும் சொல்லும் குறுக்குவழி

செல்சியஸை ஃபாரன்ஹீட் ஆக்க ஒரு சுலபமான வழி பல இடங்களில் சொல்லித்தரப்படுகிறது. எண்ணை இரட்டித்து 30-ஐக் கூட்டு. அவ்வளவுதான். திருப்பிப் போக வேண்டுமானால், 30-ஐக் கழித்துப் பாதியாக்கு.

10 டிகிரி செல்சியஸை எடுத்துக்கொள்வோம். இரட்டித்தால் 20, முப்பது கூட்டினால் 50. உண்மையான விடையும் 50-தான். பிரமாதம்! 20 டிகிரியைப் போட்டால் 70 வருகிறது. உண்மை 68. பரவாயில்லை. 30 டிகிரிக்கு 90 வருகிறது. உண்மை 86. கொஞ்சம் இடிக்கிறது. வேலூர் வெயிலான 40 டிகிரிக்கு 110 என்று வந்து நிற்கிறது. உண்மை 104. ஆறு டிகிரி கூடுதல்!

வெயிலில் ஆறு டிகிரி தப்பினால் குடி முழுகிவிடாது. காய்ச்சலில்? மகள் சொன்ன 39.5-ஐ இப்படிப் போட்டால் 109 வரும். பாட்டிக்கு மயக்கமே வந்துவிடும். அதைவிட மோசம், இதையே திருப்பிப் போடுவது. இங்கே ஒரு குழந்தைக்கு 104 டிகிரி காய்ச்சல். வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுக்குச் செல்சியஸில் சொல்ல வேண்டும். 104-ல் 30 போனால் 74. பாதி 37. முப்பத்தேழு என்பது நல்ல உடம்பின் சூடு! உடனே கவனிக்க வேண்டிய காய்ச்சலை 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடுகிறது இந்தக் குறுக்குவழி. பயமுறுத்தும் தப்பையாவது மன்னிக்கலாம். இப்படித் தைரியம் சொல்லும் தப்புதான் ஆபத்து.

அப்படியானால் இந்தக் குறுக்குவழியே பொய்யா? இல்லை. அது வேற்றூர்க் கணக்கு. 10 டிகிரியைச் சுற்றியிருக்கும் குளிர் ஊர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. லண்டன் வானிலைக்குத் தைத்த சட்டையை வேலூர் வெயிலுக்குப் போட்டால் எப்படிப் பொருந்தும்? நமக்குப் பொருந்துகிற மாதிரி நாமே தைத்துக்கொள்ளலாம். அதற்கு, இந்த இரண்டு அளவுகோல்களும் எப்படி உண்டாயின என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும்.

இரண்டு மனிதர்கள், இரண்டு கோல்கள்

டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட், 1686-ல் பால்டிக் கடலோர நகரமான டான்சிக்கில் பிறந்தவர். இன்று அது போலந்தில் இருக்கும் கிடான்ஸ்க். தொழில்முறையில் கருவிகள் செய்பவர். வாழ்க்கையின் பெரும்பகுதி ஹாலந்தில் கழிந்தது. பாதரசம் நிரப்பிய, நம்பகமான தெர்மாமீட்டரை உருவாக்கியவர் அவர். தன் அளவுகோலை 1724-ல் வெளியிட்டார்.

பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் மூன்றும் சேர்ந்த கலவையின் குளிர்ச்சியைப் பூஜ்யம் என்று வைத்தார். வெறும் பனிக்கட்டியும் தண்ணீரும் சேர்ந்தால் 32. மனித உடம்பின் சூடு 96. ஏன் இந்த விநோத எண்கள்? 32-க்கும் 96-க்கும் நடுவே 64 பங்கு. 64-ஐப் பாதி, பாதி என்று ஆறு தடவை பிரித்தால் ஒன்றில் வந்து நிற்கும். கையால் கோடு போடுகிற கைவினைஞருக்கு இதைவிட வசதி வேறென்ன? பிற்பாடு தண்ணீர் கொதிக்கும் இடத்தை 212 என்று நிலைநிறுத்தியபோது அளவுகோல் சற்றே நகர்ந்தது. உடம்புச் சூடும் 96-லிருந்து 98-க்கு மேல் ஏறிவிட்டது.

ஆண்டர்ஸ் செல்சியஸ், ஸ்வீடன் நாட்டு வானியல் அறிஞர். 1742-ல் தண்ணீர் உறைவதற்கும் கொதிப்பதற்கும் இடையே நூறு பங்கு வைத்தார். அவர் வைத்தது தலைகீழ்! கொதிக்கும் தண்ணீருக்குப் பூஜ்யம், உறையும் தண்ணீருக்கு நூறு. 1744-ல் அவர் காலமான பிறகுதான் அது இப்போதைய மாதிரி திருப்பி வைக்கப்பட்டது. நூறு பங்கு என்பதால் சென்டிகிரேட் என்று பெயர். 1948-ல் சர்வதேச அளவில் 'செல்சியஸ்' என்று பெயர் மாற்றினார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் சென்டிகிரேட் என்றுதான் சொல்வார்கள். தப்பில்லை.

இதிலிருந்து நமக்கு வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, தண்ணீர் உறையும் இடத்தில் அங்கே 0, இங்கே 32. ஆரம்பப் புள்ளியே வேறு. இரண்டு, உறைவதிலிருந்து கொதிப்பது வரை அங்கே 100 படி, இங்கே 180 படி. அதாவது, செல்சியஸில் ஒரு படி ஏறினால் ஃபாரன்ஹீட்டில் 1.8 படி ஏறுகிறோம்.

பத்துக்கு இரண்டு குறையும்

1.8 ஆல் மனதில் பெருக்குவது கஷ்டம். 2 ஆல் பெருக்குவது சுலபம். ஆனால், இரண்டால் பெருக்கும்போது ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 அதிகமாகச் சேர்ந்துவிடுகிறது. பத்து டிகிரிக்கு 2 அதிகம். அதை ஈடுகட்ட, கூட்டும் எண்ணில் பத்து டிகிரிக்கு 2 வீதம் குறைத்துக்கொண்டே போனால் சரியாகிவிடும்.

இப்படி:

0 டிகிரி என்றால், இரட்டித்து 32 கூட்டு. விடை 32.
10 டிகிரி என்றால், இரட்டித்து 30 கூட்டு. விடை 50.
20 டிகிரி என்றால், இரட்டித்து 28 கூட்டு. விடை 68.
30 டிகிரி என்றால், இரட்டித்து 26 கூட்டு. விடை 86.
40 டிகிரி என்றால், இரட்டித்து 24 கூட்டு. விடை 104.

எல்லாமே துல்லியமான விடைகள். அந்தப் பிரபலமான 30 என்பது இந்த ஏணியில் ஒரே ஒரு படி. நமக்கு வேண்டிய படி 24.

நம் ஊரின் கோடை வெயிலும், எல்லா ஊர்க் காய்ச்சலும் 40 டிகிரியை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே, தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கான குறுக்குவழி இதுதான்: இரட்டித்து 24 கூட்டு. திருப்ப வேண்டுமானால், 24 கழித்துப் பாதியாக்கு.

சோதித்துப் பார்ப்போம். 35 டிகிரி வெயில். இரட்டித்தால் 70, கூட்ட 94. உண்மை 95. ஒரு டிகிரிதான் வித்தியாசம். 42 டிகிரி வெயில் என்றால் 84-உம் 24-உம் 108. உண்மை 107.6. காய்ச்சலுக்கு இன்னும் நன்றாக வேலை செய்கிறது. மகள் சொன்ன 39.5-ஐ இரட்டித்தால் 79, கூட்ட 103. உண்மை 103.1! பாட்டிக்கு இப்போது நிலவரம் புரிந்துவிட்டது. அந்தப் பக்கம், 104 டிகிரி காய்ச்சலில் 24 போனால் 80, பாதி 40. இந்தத் தடவை காய்ச்சல் காய்ச்சலாகவே போய்ச் சேர்கிறது.

'வெயில் சதம் அடித்தது' என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றனவே, அந்த நூறு எவ்வளவு? 100-ல் 24 போனால் 76, பாதி 38. துல்லியமாகச் சொன்னால் 37.8. நூறு என்பது நம் காதுக்கு இனிமையான எண். அறிவியலில் அதற்குத் தனி மரியாதை இல்லை. இந்திய வானிலை ஆய்வுத்துறை வெப்ப அலை என்று அறிவிக்க, சமவெளியில் குறைந்தது 40, கடலோரத்தில் குறைந்தது 37 டிகிரி செல்சியஸ் என்ற வரம்பையும், வழக்கத்தைவிட எவ்வளவு அதிகம் என்பதையும் பார்க்கிறது. 37 என்றால் 98.6. ஆக, கடலோர ஊரில் வெப்ப அலை வரச் சதம் அடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நூறு ஆகவில்லையே என்று தெம்பாக வெயிலில் அலைய வேண்டாம்.

டாக்டரிடம் சொல்ல வேண்டுமானால்

போனில் கேட்டதும் நிலவரம் புரிய 24 போதும். டாக்டரிடம் சொல்லவோ, நோட்டில் நேரம் போட்டுக் குறித்து வைக்கவோ துல்லியமான எண் வேண்டும். அதற்கு ஒரே ஒரு அடி கூடுதல்.

செல்சியஸை இரட்டித்துக்கொள்ளுங்கள். வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 32-ஐக் கூட்டுங்கள்.

38.5-ஐ எடுத்துக்கொள்வோம். இரட்டித்தால் 77. அதில் பத்தில் ஒரு பங்கு 7.7. கழித்தால் 69.3. முப்பத்திரண்டு கூட்டினால் 101.3. இது உத்தேசம் இல்லை, துல்லியம். இரண்டில் பத்தில் ஒரு பங்கு போனால் 1.8 தானே? பள்ளிச் சூத்திரம் சொல்வதும் இதைத்தான். பெருக்கல், வகுத்தல் இல்லாமல் நமக்குச் சௌகரியமான வேடத்தில் வந்திருக்கிறது.

2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானது. இரட்டித்தால் 102. பத்தில் ஒரு பங்கு 10.2 போனால் 91.8. கூட்ட 123.8 ஃபாரன்ஹீட். கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிடலாம்.

ஃபாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸுக்கு வர: முதலில் 32-ஐக் கழியுங்கள். பாதியாக்குங்கள். அந்தப் பாதியில் ஒன்பதில் ஒரு பங்கை அதோடு கூட்டுங்கள். 104-ல் 32 போனால் 72. பாதி 36. ஒன்பதில் ஒரு பங்கு 4. கூட்டினால் 40. ஒன்பதால் வகுபடாத எண் வந்தால் கவலை வேண்டாம். பத்தில் ஒரு பங்கைக் கூட்டி, இன்னும் ஒரு துளி சேர்த்துக்கொள்ளுங்கள். 102-ல் 32 போனால் 70, பாதி 35, பத்தில் ஒரு பங்கு 3.5, கூட்ட 38.5, ஒரு துளி சேர்த்தால் 38.9. அந்தத் துளி எவ்வளவு என்றால், நீங்கள் கூட்டிய பங்கின் பத்தில் ஒரு பங்கு. 3.5-க்கு 0.35.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். செல்சியஸிலிருந்து போகும்போது 32-ஐக் கடைசியில் கூட்டுகிறோம். திரும்பி வரும்போது 32-ஐ முதலில் கழிக்கிறோம். வீட்டுக்குள் நுழையும்போது கடைசியாகப் பூட்டிய கதவைத்தான் முதலில் திறப்போம், அதே மாதிரி.

நாலணா, எட்டணா முறை

1957 ஏப்ரல் 1-ல் நம் நாட்டில் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனபோது, அணாவில் பழகிய தலைமுறை என்ன செய்தது? ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணா என்றால் 6.25 பைசா. கடைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் யாரும் 6.25-ஆல் பெருக்கிக்கொண்டிருக்கவில்லை. நாலணா 25, எட்டணா 50, பன்னிரண்டணா 75 என்று முளை அடித்துக்கொண்டார்கள். நடுவில் வருவதற்கு 6, 12, 19 என்று உத்தேசம். அணா போய் இத்தனை காலம் ஆகியும் நாலணா, எட்டணா என்ற சொற்கள் நம் வாயிலிருந்து போகவில்லை. அவ்வளவு உறுதியான முளைகள்.

காய்ச்சலுக்கும் நாலே முளைகள் போதும்:

37 என்றால் 98.6
38 என்றால் 100.4
39 என்றால் 102.2
40 என்றால் 104

தசமப் புள்ளிக்குப் பின்னால் பாருங்கள்: 6, 4, 2, 0. படி ஏற ஏற இரண்டிரண்டாகக் குறைகிறது. மறக்கவே மறக்காது. நடுவில் அரை டிகிரி வந்தால் 0.9 சேர்த்துக்கொள்ளுங்கள். 38.5 என்றால் 100.4-உடன் 0.9, அதாவது 101.3. மேலே நாம் கஷ்டப்பட்டுப் போட்ட அதே விடை!

இந்த நான்கில் 38-ஐ மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக மருத்துவர்கள் காய்ச்சல் என்று சொல்லும் எல்லை அதுதான்: 38 அல்லது 100.4. பிறந்து மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த எல்லையைத் தொட்டாலே கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். எந்த வயதானாலும், எண் சின்னதாக இருந்தும் பிள்ளை துவண்டு கிடந்தால், பிள்ளையைத்தான் நம்ப வேண்டும், எண்ணை அல்ல.

வெயிலுக்கு இன்னொரு வேடிக்கையான முளை இருக்கிறது. 16 டிகிரி செல்சியஸ் கிட்டத்தட்ட 61 ஃபாரன்ஹீட். 28 டிகிரி கிட்டத்தட்ட 82. இலக்கங்கள் அப்படியே இடம் மாறுகின்றன! பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், குஷியாகிவிடுவார்கள்.

வித்தியாசத்துக்கு 32 கிடையாது

படித்தவர்களே சறுக்குகிற இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'மருந்து கொடுத்தேன், ஒரு டிகிரி இறங்கியிருக்கு' என்று மகள் சொல்கிறாள். 39.5 இருந்தது 38.5 ஆகியிருக்கிறது. நம் கணக்கில் எவ்வளவு இறங்கியது? 103.1 இருந்தது 101.3. ஆக 1.8 டிகிரி. இங்கே 32 எங்கேயும் வரவில்லை. ஏனென்றால், 32 என்பது ஆரம்பப் புள்ளியின் வித்தியாசம். எத்தனை படி ஏறினோம், இறங்கினோம் என்ற கேள்வியில் ஆரம்பப் புள்ளிக்கு வேலை இல்லை. இரட்டித்து, பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் போதும்.

'வழக்கத்தைவிட 4.5 டிகிரி அதிகம்' என்று வானிலை அறிக்கை சொன்னால், இரட்டித்து 9, பத்தில் ஒரு பங்கு போக 8.1 ஃபாரன்ஹீட் அதிகம். பூமியின் சூடு 1.5 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள முயற்சிப்போம் என்று 2015-ல் பாரீஸ் ஒப்பந்தத்தில் நாடுகள் சொன்னதும் இந்த மாதிரி வித்தியாசம்தான். அது 2.7 ஃபாரன்ஹீட். இயந்திரத்தனமாகச் சூத்திரத்தில் போட்டு 32-ஐக் கூட்டினால் 34.7 வரும். அவ்வளவு ஏறினால் பேசுவதற்கு யாரும் இருக்க மாட்டோம்!

ஏசிக்கும் இதே விதி. 24-லிருந்து 26-க்கு மாற்றினால் இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். ஃபாரன்ஹீட்டில் அது 3.6. செல்சியஸில் ஒரு டிகிரி என்பது கொஞ்சம் பெரிய டிகிரி. மின்சாரக் கட்டணத்தில் அதன் பலன் தெரிவதற்கு ஒரு காரணம் இதுதான்.

அடுப்படிக்குச் சைபர்

ஏணி ஞாபகம் இருக்கிறதா? பத்துக்கு இரண்டு குறையும் என்றோம். அப்படியே குறைத்துக்கொண்டு மேலே போங்கள். 100 டிகிரியில் கூட்ட வேண்டியது 12. (200-உம் 12-உம் 212. தண்ணீர் கொதிக்கிறது!) 160 டிகிரியில் கூட்ட வேண்டியது சைபர். அதாவது, 160 செல்சியஸ் என்றால் மிகச் சரியாக 320 ஃபாரன்ஹீட். வெறும் இரட்டிப்பு.

கேக், பிஸ்கட், பிரெட் எல்லாம் வேகும் சூடு இந்த அக்கம்பக்கம்தான். ஆகவே, அமெரிக்கச் சமையல் குறிப்பைப் பார்த்தால் எண்ணைப் பாதியாக்குங்கள், முடிந்தது. 350 என்றால் 175. உண்மை 177. 325 என்றால் 162. உண்மை 163. இரண்டு டிகிரிக்காக எந்தக் கேக்கும் கோபித்துக்கொள்ளாது. 400-க்கு மேல் போகும்போது மட்டும் பாதியோடு ஐந்து சேர்த்துக்கொள்ளுங்கள். 400 என்றால் 205. உண்மை 204.

ஃப்ரிட்ஜ் விஷயம் அப்படி இல்லை, அங்கே ஜாக்கிரதை வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோரில் பலர் இன்சுலின் எடுத்துப் போகிறார்கள். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். அங்கே ஃப்ரிட்ஜில் 37 என்று எழுதியிருக்கும். உடம்புச் சூட்டில் ஃப்ரிட்ஜா என்று பதறி, அதை 5-க்குக் குறைக்கப் பார்க்கக் கூடாது. அது ஃபாரன்ஹீட். 37-ல் 32 போனால் 5, பாதி 2.5, துளி சேர்த்தால் 2.8 செல்சியஸ். சரியான இடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்க ஃப்ரிட்ஜில் இன்சுலினுக்கான எல்லை 36 முதல் 46 வரை. 32-க்குப் போனால் உறையும் குளிர். உறைந்துபோன இன்சுலினை மறுபடி உருக்கிப் போட்டுக்கொள்ளவும் கூடாது.

98.6 என்ற மந்திர எண்

கடைசியாக, நாம் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் 98.6 பற்றி ஒரு வார்த்தை.

கார்ல் வுண்டர்லிக் என்ற ஜெர்மானிய மருத்துவர், சுமார் 25,000 பேரின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து எடுத்த அளவுகளைத் தொகுத்து, 1868-ல் ஒரு நூல் வெளியிட்டார். ஆரோக்கியமான உடம்பின் சூடு 37 டிகிரி செல்சியஸ் என்றார். அது முழு எண். 'சுமார் முப்பத்தேழு' என்று படித்தாலும் பொருந்தும். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது, 74-ல் 7.4 போய் 66.6, கூட்ட 98.6 என்று வந்தது. கணக்கு சரி. ஆனால், அந்தப் புள்ளி ஆறு என்பது உடம்பிலிருந்து வந்ததல்ல, பெருக்கலிலிருந்து வந்தது. உத்தேசமாகச் சொன்ன எண் மொழி மாறியதும் மிகத் துல்லியமான எண் போல ஆகிவிட்டது. 1992-ல் அமெரிக்காவில் 148 ஆரோக்கியமான பேரிடம் எடுத்துப் பார்த்தபோது சராசரி 98.2 என்று வந்தது. நம் ஊரில் 98.4 என்று சொல்கிறவர்களும் உண்டு.

ஆகவே, சாயங்காலம் 98.9 காட்டியதும் 'காய்ச்சல்' என்று பிள்ளையைப் படுக்க வைக்க வேண்டாம். காலையில் சூடு குறைவாகவும் மாலையில் சற்று அதிகமாகவும் இருப்பது உடம்பின் இயல்பு. மாற்றிக் கிடைத்த எண்ணில் எத்தனை தசம இலக்கம் இருந்தாலும், முதலில் அளந்த எண் எவ்வளவு நம்பகமோ அவ்வளவுதான் இதுவும் நம்பகம்.

இந்த வாரப் பயிற்சி

இரவு சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு போட்டுப் பாருங்கள். போனைத் தொடக் கூடாது.

1. 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தது. ஃபாரன்ஹீட்டில் எவ்வளவு?
2. ஏசி 24 டிகிரியில் ஓடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் மாமாவுக்கு எப்படிச் சொல்வீர்கள்?
3. தெர்மாமீட்டர் 101.3 காட்டுகிறது. சிங்கப்பூர் அத்தைக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும்?
4. இரண்டு அளவுகோலும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. எங்கே? (குறிப்பு: ஏணியில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குங்கள். பத்து இறங்கினால் கூட்டும் எண் இரண்டு ஏறும்.)

விடைகள்: 1) 113. 2) 75.2, அதாவது 75. 3) 38.5. 4) மைனஸ் 40. இரட்டித்தால் மைனஸ் 80, அங்கே கூட்ட வேண்டியது 40, மறுபடி மைனஸ் 40.

பயிற்சி முடிந்ததும் ஒரு சின்ன வேலை. ஒரு துண்டுச் சீட்டில் 37, 38, 39, 40 எண்களையும் அவற்றின் எதிரே 98.6, 100.4, 102.2, 104-ஐயும் எழுதி, தெர்மாமீட்டர் டப்பாவுக்குள் வையுங்கள். வெளியூரில் இருக்கும் மகனுக்கும் மகளுக்கும் அதைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். மனக்கணக்கு சொல்லித்தரும் பகுதியில் சீட்டு எழுதச் சொல்வதா என்று சிரிக்க வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தை அழும்போது மனசு கணக்கில் நிற்காது. சீட்டு டப்பாவிலேயே நிற்கும்.